கல்லில் யார் பெயர்?



எந்தக் கோயிலுக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். ட்யூப் லைட்டின் பாதி வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு 'உபயம்' என்று ஒருவர் பெயர் எழுதியிருக்கும். மின்விசிறியின் மூன்று இறக்கையிலும் அதே பெயர் சுற்றிக்கொண்டிருக்கும். பஸ் நிறுத்த நிழற்குடையில் நிதி கொடுத்தவர் பெயர், நிழலை விடப் பெரிதாக இருக்கும். ஊராட்சி மன்ற அலுவலகத்துக்குள் நுழைந்தால் தலைவர்களின் பெயர்ப் பலகை; 'முதல்', 'வரை' என்று தேதிக்கு இரண்டு கட்டம். பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர்களின் பட்டியல். பக்கத்திலேயே பத்தாம் வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கியவர்களின் பட்டியல். நம் பாலிடெக்னிக்கில் மட்டும் என்ன குறைச்சல்? மாணவர் பேரவைத் தலைவர்கள் வரிசையாக நிற்கிறார்கள்.

நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. காசு கொடுத்தவர் பெயரை எழுதிக்கொள்ளட்டும். பதவியில் இருந்தவர் பெயரும் இருக்கட்டும். நன்றாகப் படித்தவர் பெயர் கட்டாயம் இருக்க வேண்டும். என் கேள்வி ஒன்றே ஒன்றுதான். இந்த ஊரிலிருந்து கிளம்பிப் போய், போரில் செத்து, திரும்பி வராமலே போனவன் பெயர் எந்தப் பலகையில் இருக்கிறது?

உங்கள் ஊரை ஒரு முறை மனதில் சுற்றி வாருங்கள். கோயில், பள்ளி, நூலகம், ரேஷன் கடை, மேல்நிலைத் தொட்டி. எத்தனை பெயர்கள் நினைவுக்கு வருகின்றன? அவற்றில் ஒரு சிப்பாயின் பெயர் உண்டா? சில ஊர்களில் இருக்கலாம். எங்கள் ஊரில் இல்லை. நம் விடுதி நண்பர்களைக் கேட்டேன். "எங்க ஊர்லயும் இல்லப்பா" என்றுதான் பெரும்பாலோர் சொன்னார்கள்.

நாய்க்கும் பெயர் வைத்த கல்

இது தமிழனுக்குத் தெரியாத வேலையா? உலகத்துக்கே சொல்லிக் கொடுக்கலாம். ஊருக்காகச் செத்தவனுக்குக் கல் நடுவது நம் பழைய வழக்கம். கல்லைத் தேர்ந்தெடுப்பதில் தொடங்கி, அதை நீராட்டி, நட்டு, படையல் போட்டு, வாழ்த்துவது வரை ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் முறையாகச் சொல்கிறது. நம் சிவில் துறையின் ஒர்க் ஷெட்யூல் மாதிரி!

நமக்குப் பக்கத்து மாவட்டம் திருவண்ணாமலை. அங்கே செங்கம் வட்டாரத்தில் பல்லவர் காலத்து நடுகற்கள் ஏராளமாகக் கிடைத்தன. தமிழ்நாடு தொல்லியல் துறை அவற்றைப் படித்து 1972-இல் தனிப் புத்தகமாகவே வெளியிட்டது. யாருக்கு அந்தக் கற்கள்? பெரும்பாலும் ராஜாக்களுக்கு இல்லை. ஊர் மாடுகளை ஓட்டிக்கொண்டு போக வந்தவர்களைத் தடுத்துச் செத்த சாதாரண ஆட்களுக்கு.

அவற்றில் எடுத்தனூர் நடுகல்லைப் பற்றி அவசியம் சொல்ல வேண்டும். மகேந்திரவர்ம பல்லவன் காலம். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கம். எருமைகளைக் காக்கச் சண்டை போட்டுச் செத்த கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு அந்தக் கல். அவனோடு நின்று திருடர்களைக் கடித்துக் காவல் காத்தது ஒரு நாய். அதன் பெயர் கோவிவன். நாயின் உருவமும் அந்தக் கல்லில் இருக்கிறது, பெயரும் இருக்கிறது! 1400 வருடத்துக்கு முன்னால் வாழ்ந்த ஒரு நாயின் பெயர் நமக்குத் தெரிகிறது. எண்பது வருடத்துக்கு முன்னால் போருக்குப் போன நம் தெருக்காரன் பெயர் தெரியவில்லை. இது எப்படி இருக்கிறது?

இன்னொரு சங்கதியும் உண்டு. செங்கம், தருமபுரிப் பக்கம் பல நடுகற்களை மக்கள் 'வேடியப்பன்' என்று சொல்லிக் கும்பிடுகிறார்கள். கல்லில் இன்னாருடைய மகன், இந்த ஊர்க்காரன், இந்தச் சண்டையில் செத்தான் என்று தெளிவாக எழுதியிருக்கிறது. ஆனால் அந்த எழுத்தைப் படிக்க ஊரில் ஆள் இல்லாமல் போனது. மனிதன் சாமியானான், பெயர் மறைந்தது. எழுதி வைத்தால் மட்டும் போதாது, படிக்க ஆள் வேண்டும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி?

திருநாவலூர் பார்த்த போர்

திருநாவலூர் என்றால் சுந்தரர் பிறந்த ஊர் என்று எல்லாருக்கும் தெரியும். இன்னொரு கதையும் இந்த ஊருக்கு உண்டு. அது நம்மில் பல பேருக்குத் தெரியாது.

சோழன் முதலாம் பராந்தகனின் மூத்த மகன் ராஜாதித்தன். வடக்கிலிருந்து ராஷ்டிரகூடர் படை வரும் என்று எதிர்பார்த்து, அதைத் தடுக்க இந்தத் திருமுனைப்பாடி நாட்டில் அவன் பெரும் படையோடு தங்கியிருந்தான். திருநாவலூருக்கு ராஜாதித்தபுரம் என்றே ஒரு பெயர் வழங்கியது. அவன் படையில் மலைநாட்டிலிருந்து, அதாவது இன்றைய கேரளத்திலிருந்து, வந்த வீரர்கள் நிறைய. அவர்களும் ராஜாதித்தனின் பரிவாரத்தினரும் விளக்கெரிக்கக் கொடுத்த தானங்களைத் திருநாவலூர்க் கோயில் கல்வெட்டுகள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கின்றன. வெளிநாட்டுச் சிப்பாய்க்கும் நம் ஊர்ச் சுவரில் இடம் கிடைத்திருக்கிறது!

949-இல் தக்கோலத்தில் போர் நடந்தது. இன்றைய ராணிப்பேட்டை மாவட்டத்துத் தக்கோலம்தான். யானை மேல் இருந்த ராஜாதித்தன் அங்கேயே மாண்டான். 'யானை மேல் துஞ்சியவன்' என்று பிற்காலச் சோழர் ஆவணங்கள் அவனைக் குறிப்பிடுகின்றன. அவனைக் கொன்றவன் கங்க மன்னன் பூதுகன். இந்தச் செய்தி கர்நாடகத்தில் மண்டியா மாவட்டத்து ஆதகூர்க் கல்லில் இருக்கிறது. அது எதற்கு நட்ட கல் தெரியுமா? காட்டுப்பன்றியோடு சண்டையிட்டுச் செத்த 'காளி' என்ற வேட்டை நாய்க்கு! அந்தப் பக்கத்திலும் நாயின் பெயரை மறக்கவில்லை.

ராஜாதித்தனின் படைத்தலைவன் ஒருவன் இருந்தான். வெள்ளங்குமரன் என்று பெயர். பெண்ணையாற்றங்கரையில் கிராமம் என்ற ஊரில் 943-இல் கற்கோயில் கட்டியவன். தக்கோலப் போரில் தலைவனோடு சேர்ந்து சாகக் கொடுத்து வைக்கவில்லையே என்ற வேதனையில் துறவியாகி, திருவொற்றியூரில் சதுரானன பண்டிதர் என்று வாழ்ந்தவர் இவரே என்று வரலாற்று ஆசிரியர்கள் சொல்கிறார்கள். அந்த வேதனையும் திருவொற்றியூர்க் கல்வெட்டில் பதிவாகியிருக்கிறது. ஆயிரம் வருடம் கழித்தும் ஒருவருடைய மனக்கஷ்டம் நமக்குத் தெரிகிறது என்றால், யாரோ அதை எழுதி வைத்ததால்தான்.

"ராஜா வீட்டுச் சங்கதி, அதனால் எழுதினான்" என்று நீங்கள் சொல்லலாம். அப்படியானால் தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போங்கள். 1010-இல் முடிந்த கோயில். ராஜராஜன் தன் பெயரை மட்டுமா வெட்டினான்? கோயிலுக்கு அமர்த்திய 400 ஆடல் பெண்களின் பெயர், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு என்று விலாசத்தோடு வெட்டி வைத்தான். கோயிலைக் கட்டிய பெருந்தச்சன் குஞ்சரமல்லன் பெயர் இருக்கிறது. முடி திருத்துகிறவர் பெயரும் இருக்கிறது.

இன்று ஒரு கட்டிடத்தின் திறப்பு விழாக் கல்லைப் பாருங்கள். அமைச்சர் முதல் ஒப்பந்ததாரர் வரை பெயர் இருக்கும். கட்டிய கொத்தனார் பெயர் இருக்காது. என் அப்பா கொத்தனார். இப்படிப்பட்ட கற்களை எத்தனையோ சுவர்களில் பதித்தவர். அவருக்குப் படிக்கத் தெரியாது. கல் தலைகீழாகப் போய்விடக்கூடாதே என்று, எந்தப் பக்கம் மேலே என்பதற்குக் கல் பட்டறையிலேயே சாக்பீஸால் அம்புக்குறி போட்டுக் கொடுப்பார்கள். அந்தக் குறியை வைத்துத்தான் பதிப்பார். ஒரு முறை நான் அவர் பதித்த கல்லை வாசித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "இவ்வளவு பேரா இந்தக் கட்டடத்துல வேலை செஞ்சாங்க?" என்று கேட்டார். கேலியாகக் கேட்டாரா, நிஜமாகக் கேட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

பெயர் போய் எண்ணிக்கை வந்தது

சரி, போர் நினைவுக்கு வருவோம். வெள்ளைக்காரன் காலத்தில் இந்தப் பழக்கத்துக்கு என்ன ஆயிற்று?

முதல் உலகப் போருக்கு (1914–18) இந்தியாவிலிருந்து 13 லட்சம் பேருக்கு மேல் அனுப்பப்பட்டார்கள். ஏறத்தாழ 74,000 பேர் செத்தார்கள். போர் முடிந்ததும், ஆள் அனுப்பிய ஊர்களில் சலவைக்கல் பலகை பதித்தார்கள். தமிழ்நாட்டிலும் பல ஊர்களில் இது உண்டு. வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டுக்குப் போனால் பார்க்கலாம். இந்த ஊரிலிருந்து 277 பேர் போருக்குப் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். அவ்வளவுதான்!

அந்த 14 பேர் யார்? எந்தத் தெரு? யாருடைய பிள்ளை? கல் வாயைத் திறக்காது. அதுவும் ஆங்கிலத்தில். அந்த 14 பேரின் அம்மாக்களில் ஒருவராவது அதைப் படித்திருப்பாரா? படித்திருந்தாலும், தன் பிள்ளை அந்த எண்ணில் எத்தனையாவது என்று எப்படிக் கண்டுபிடிப்பார்?

இது ஏதோ கல் சிறியது, இடம் போதவில்லை என்பதால் வந்த குறை இல்லை. ஈராக்கில் பாஸ்ரா என்ற இடத்தில் பெரிய போர் நினைவகம் கட்டினார்கள். பிரிட்டிஷ் சிப்பாய்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வெட்டினார்கள். இந்தியர்களில் அதிகாரிகள் பெயரை மட்டும் எழுதினார்கள். சாதாரண இந்தியச் சிப்பாய்களுக்கோ ரெஜிமெண்டின் பெயர், பக்கத்தில் எத்தனை பேர் என்ற எண். அங்கே நினைவுகூரப்படும் இந்தியர்கள் 30,000-க்கும் மேல்.

இதை நான் கோபத்தில் சொல்வதாக நினைக்க வேண்டாம். அவர்களே ஒப்புக்கொண்டார்கள். போர்க் கல்லறைகளைப் பராமரிக்கும் காமன்வெல்த் ஆணையம் 2021 ஏப்ரலில் ஓர் அறிக்கை வெளியிட்டது. முதல் உலகப் போரில் செத்த இந்திய, ஆப்பிரிக்க வீரர்களில் 45,000 முதல் 54,000 பேர் வரை மற்றவர்களுக்குச் சமமாக நினைவுகூரப்படவில்லை. இன்னும் குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை மூன்றரை லட்சம் பேர் வரை, பெயரால் நினைவுகூரப்படவில்லை, அல்லது நினைவுகூரப்படவே இல்லை. நூறு வருடம் கழித்து ஆணையம் மன்னிப்பும் கேட்டது.

ஆடு மாட்டை எண்ணுகிறோம். மூட்டையை எண்ணுகிறோம். மனிதனை எண்ணினால் அது கணக்கு. பெயர் சொல்லி அழைத்தால்தான் அது மரியாதை.

தந்தியைப் படிக்க ஆள் இல்லாத தெரு

எங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் உண்டு. என் கொள்ளுத் தாத்தாவின் தம்பி. இரண்டாவது உலகப் போரின்போது பட்டாளத்தில் சேர்ந்து பர்மாவுக்குப் போனார். தேசபக்தியா, ராஜபக்தியா என்று கேட்டால், எங்கள் ஆயா சொல்லும் பதில்: "வயித்துப்பாட்டுக்குப் போனாருடா. காலனித் தெருவுல அன்னிக்கி வேற என்ன வேலை இருந்துச்சு? பண்ணையில ஏர் ஓட்டணும், இல்ல பட்டாளத்துக்குப் போவணும்."

மாதா மாதம் மணியார்டர் வந்ததாம். ஒரு மாதம் வரவில்லை. பிறகு ஒரு தந்தி வந்தது. எங்கள் தெருவில் அதைப் படிக்க ஓர் ஆளும் இல்லை. கொள்ளுத் தாத்தா அந்தத் தாளை மடித்து எடுத்துக்கொண்டு பக்கத்து ஊர் வாத்தியாரைத் தேடிப் போனார். வாத்தியார் ஊரில் இல்லை. மறுநாள் சாயங்காலம்தான் வந்தார். அந்த ஒரு நாள் முழுவதும் வீட்டில் யாருக்கும் அழுவதா வேண்டாமா என்று தெரியவில்லை. இதை ஆயாவுக்கு அவருடைய மாமியார் சொல்லியிருக்கிறார். அந்தத் தந்தியைக் கூரைக்கட்டில் சொருகி வைத்திருந்தார்கள். கூரையோடு சேர்ந்து அதையும் கரையான் தின்றது.

மியான்மரில் தௌக்யான் என்ற இடத்தில் ரங்கூன் நினைவகம் இருக்கிறது. கல்லறை இல்லாமல் போன ஏறத்தாழ 27,000 பேரின் பெயர்கள் அதன் தூண்களில் வெட்டப்பட்டிருக்கின்றன. மிகப் பெரும்பாலோர் இந்தியர்கள். முதல் போரில் செய்யாததை இரண்டாவது போரில் செய்தார்கள் என்று சந்தோஷப்படலாம். நம் கம்ப்யூட்டர் லேபில் உட்கார்ந்து ஆணையத்தின் பதிவுகளில் தாத்தாவின் பெயரைத் தேடினேன். ஒரே பெயரில் பலர்! சிலருக்கு அப்பா பெயரும் ஊரும், தென்னார்க்காடு என்று மாவட்டமும் குறித்திருக்கிறது. சிலருக்கு வெறும் பெயரும் பட்டாள எண்ணும்தான். அந்த எண் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. அது அந்தத் தந்தியில் இருந்திருக்கும்.

ஆக, பர்மாவில் ஒரு தூணில் அவர் பெயர் இருக்கலாம். அவர் பிறந்த ஊரில் இல்லை. அங்கே போய்ப் பார்க்க எங்களால் முடியாது. இங்கே ஒரு கல் இருந்திருந்தால், ஆயா ஆடி அமாவாசைக்கு அதன் முன்னால் ஒரு சூடம் ஏற்றியிருக்கும்.

டில்லியில் 2019 பிப்ரவரியில் தேசியப் போர் நினைவகம் திறந்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு உயிர் கொடுத்த 25,942 வீரர்களின் பெயர்கள் அப்போது சுவரில் இருந்தன. மிக நல்ல காரியம். ஆனால் சாகிற வீரனின் அப்பா அம்மா டில்லியிலா இருக்கிறார்கள்? 2020 ஜூன் 15-இல் கல்வானில் ஹவில்தார் பழனி வீரமரணம் அடைந்தபோது, ராமநாதபுரம் மாவட்டம் கடுக்கலூர் என்ற சின்ன ஊரின் பெயரை நாடே உச்சரித்தது. எந்த வீரன் செத்தாலும் ஊரெல்லாம் கண்ணீர் அஞ்சலி பிளக்ஸ் கட்டுகிறோம். பிளக்ஸின் ஆயுள் ஒரு மழைக்காலம். பிறகு அது யாராவது ஒருவர் வீட்டு வைக்கோல் போரை மூடும். கல்லின் ஆயுள் என்ன என்று எடுத்தனூரைக் கேளுங்கள்!

சயாம் தந்த பாடம்

"எண்பது வருஷம் ஆச்சு, இனிமே என்னத்தப் பண்றது?" என்று கேட்கும் நண்பர்களுக்கு ஒரு சமீபத்திய செய்தி.

1942–43-இல் ஜப்பானியர்கள் தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டார்கள். சயாம் மரண ரயில் என்று அதற்குப் பெயர். போர்க் கைதிகளோடு, இரண்டு லட்சத்துக்கும் அதிகமான ஆசியத் தொழிலாளர்களும் அதில் வதைபட்டார்கள். மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து பிடித்துக்கொண்டு போன தமிழர்கள் அவர்களில் ஏராளம். காலராவிலும் பட்டினியிலும் செத்த ஆசியத் தொழிலாளர்கள் 90,000 வரை இருக்கலாம் என்று ஒரு மதிப்பீடு. காஞ்சனபுரியில் செத்த போர்க் கைதிகளுக்கு அழகான கல்லறைத் தோட்டம் இருக்கிறது. ஏறத்தாழ 7,000 கல்லறைகள். பெரும்பாலானவற்றில் பெயர், வயது, படைப்பிரிவு. தமிழ்க் கூலிக்கு ஒன்றும் இல்லை. அவர்களுடைய எலும்புகள் மொத்தமாகக் குழியில் கிடந்தன.

மலேசியத் தமிழர்கள் விடவில்லை. பல வருடம் அலைந்து, 2023-இல் அதே காஞ்சனபுரியில் ஒரு நினைவுக் கல் நிறுத்தினார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் என்ன தெரியுமா? 'நடுகல்'! தமிழ்நாடு அரசும் அதற்கு நிதி கொடுத்தது. எண்பது வருடம் கழித்துச் செய்தார்கள். பெயர்களை மீட்க முடியவில்லை. பெயர் தெரிந்தவர்கள் எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். நாமும் தாமதித்தால் நமக்கும் அதே கதிதான். இன்று நம் ஊரில் 1962, 1965, 1971 போர்களைப் பற்றிச் சொல்லக்கூடிய பெரியவர்கள் எத்தனை பேர் மிச்சம்? அவர்களையும் அனுப்பிவிட்டு யாரிடம் போய்க் கேட்பது?

எதிர்க்கேள்விகள்

இதைப் பற்றி விடுதியில் பேசியபோது நண்பர்கள் சும்மா விடவில்லை. அவர்கள் கேட்டதையும் எழுதிவிடுகிறேன்.

"வெள்ளைக்காரனுக்காகச் சண்டை போட்டவனுக்கு எதுக்குடா கல்லு?" நியாயமான கேள்வி. ஆனால் கல் நடுவது அந்தப் போர் சரி என்று சொல்வதற்கு அல்ல. இந்த ஊர்ப் பிள்ளை ஒருவன் போனான், வரவில்லை என்று சொல்வதற்கு. அவனை அனுப்பியது ராஜாவின் ஆசையோ, வீட்டின் பசியோ, அந்தக் காரணத்தையும் அந்தக் கல்லின் முன்னால் நின்றுதான் நம் பிள்ளைகள் யோசிக்க வேண்டும். பெயரை மறைத்துவிட்டால் காரணமும் மறைந்துவிடும். போர் வேண்டாம் என்று சொல்கிறவர்களுக்குத்தான் இந்தக் கல் அதிகம் தேவை.

"அந்தக் காசுக்கு ஊருக்கு ஒரு கழிப்பறை கட்டலாமே?" கட்ட வேண்டும், கட்டச் சொல்லிப் போராடுவோம். ஆனால் ஒரு கல்லின் விலையில் கழிப்பறை கட்ட முடியாது என்பது எஸ்டிமேட் போடத் தெரிந்த நமக்குத் தெரியும். ஒரு கட்சிக் கூட்டத்துக்குக் கட்டும் பிளக்ஸ் காசில் இந்தக் கல்லை வாங்கிவிடலாம்.

"பேரு எழுதினா சண்டை வரும். யாரு பேரு முதல்ல, எந்தத் தெரு முதல்ல?" இதுதான் உண்மையான பயம் என்று எனக்குத் தெரியும். பதிலும் சுலபம்தான். அகர வரிசையில் எழுதுவோம். பெயருக்குப் பின்னால் பட்டம், சாதி எதுவும் கிடையாது. பட்டாளத்தில் ஒரே பதுங்குகுழியில் கிடந்தவர்களைக் கல்லில் மட்டும் தெரு தெருவாகப் பிரிப்பானேன்? கல்லைக் கோயில் சுவரில் வைக்க வேண்டாம். எந்த ஊர்க் கோயிலுக்குள்ளும் எல்லாரும் சமமாக நுழைகிறார்கள் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. பள்ளிக்கூடச் சுவரில் வைப்போம். அங்கேதான் எல்லாத் தெருப் பிள்ளைகளும் ஒரே வாசல் வழியாகப் போகிறார்கள்.

நாம் செய்யக்கூடியது

வெறும் பேச்சு வேண்டாம் என்பதால் ஒரு திட்டத்தை நம் மாணவர் பேரவையின் முன் வைக்கிறேன்.

ஒன்று. இந்த விடுமுறையில் நாம் ஒவ்வொருவரும் நம் ஊரில் விசாரிப்போம். கல்வராயன் மலையிலிருந்து வரும் நண்பர்களும், சமவெளியில் இருந்து வரும் நாமும். பட்டாளத்துக்குப் போய்த் திரும்பாதவர் யார்? பெயர், அப்பா அம்மா பெயர், ஊர், படைப்பிரிவு, செத்த வருடம், இடம். தெரிந்த வரை போதும். ஓய்வுபெற்ற வீரர்களைக் கேளுங்கள். வீட்டுப் பெட்டியில் பழைய பென்ஷன் காகிதம், டிஸ்சார்ஜ் புத்தகம் இருக்கிறதா பாருங்கள். முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் மனு கொடுத்துச் சரிபார்ப்போம். முக்கியமாக, கிழவிகளைக் கேளுங்கள். ஆவணத்தில் இல்லாதது அவர்கள் நினைவில் இருக்கும்.

இரண்டு. முதல் கல்லை ஏதாவது ஒரே ஓர் ஊரில் நட்டுக் காட்டுவோம். சிவில் துறை கல்லைப் பார்த்துக்கொள்ளட்டும். நாலடிக்கு மூன்றடி கருங்கல் போதும். எழுத்தைப் பெயிண்டில் எழுதக்கூடாது, வெட்ட வேண்டும். தங்க நிறப் பூச்சு சில வருடத்தில் போய்விடும், பள்ளம் நிற்கும். சுவரில் சிமெண்ட் வைத்துப் பூசி ஒட்டக்கூடாது. பின்னால் அந்தச் சுவரை இடித்தால் கல்லும் உடைந்து போகும். கிளாம்ப் போட்டுப் பொருத்தினால் கழற்றி வேறு சுவரில் மாட்டலாம். கிளாம்பை மெக்கானிக்கல் துறை ஒர்க் ஷாப்பில் அடித்துக் கொடுக்கட்டும். மேலே ஒரு விளக்கு எலக்ட்ரிக்கல் துறையின் பொறுப்பு. தயவுசெய்து அந்த ட்யூப் லைட்டில் 'உபயம்' எழுதிவிடாதீர்கள்! கணினித் துறை எல்லாப் பெயர்களையும் தட்டச்சு செய்து, பள்ளிக்கு ஒன்று, நூலகத்துக்கு ஒன்று, ஊராட்சிக்கு ஒன்று என்று பிரதி கொடுக்கட்டும். கல் உடைந்தாலும் பெயர் பிழைக்கும்.

மூன்று. செலவுக்கு இந்த ஆண்டு மலரின் விளம்பர வருமானத்தில் ஒரு பங்கை ஒதுக்குவோம். கல்லில் நம் பேரவையின் பெயர் வேண்டாம். முதல்வர் பெயர், என் பெயர், யார் பெயரும் வேண்டாம். திறந்து வைக்க வி.ஐ.பி. வேண்டாம். அந்த வீட்டு அம்மாவோ, தங்கையோ, பேரனோ திரையை விலக்கட்டும்.

நான்கு. கல்லின் அடியில் கொஞ்சம் இடம் வெறுமையாக விடுவோம். விட்டுப்போன பழைய பெயர் பிறகு தெரிய வந்தால் சேர்க்க. புதுப் பெயர் எதுவும் சேர்க்க வேண்டிய நிலை வராமல் இருக்கட்டும்.

நண்பர்களே! நம்மில் பலர் நம் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவர்கள். நம் முன்னோர்களுக்குக் கல்லில் எழுதியதைப் படிக்கத் தெரியாது. தந்தியில் வந்ததைப் படிக்கத் தெரியாது. அதனால் யாரோ எழுதினார்கள், எதையோ எழுதினார்கள், பெயருக்குப் பதில் எண்ணிக்கையை எழுதினார்கள். கேட்க ஆள் இல்லை. இன்று நமக்குப் படிக்கத் தெரியும். எழுதவும் தெரியும். கல்லைத் தேர்ந்தெடுக்கவும், அளவு எடுக்கவும், பதிக்கவும்கூடத் தெரியும். டிப்ளமோ வாங்கி வேலைக்குப் போய் நாலு காசு சம்பாதிப்பது நம் கடமைதான். அதோடு சேர்த்து, நம் தெருவிலிருந்து போனவர்களின் பெயரைப் பிழையில்லாமல் எழுதி வைப்பதும் நம் கடமை.

கல் தயார். உளி தயார். பெயர்களைக் கொண்டு வாருங்கள்!

— இரண்டாம் ஆண்டு மாணவன்,
சிவில் துறை